கதைக்கு உதவாத பாடம்!

“வகுப்பறையிலே கதை அளக்கிறார்களாம், கதை! மேல்நிலை வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்க அனுப்பினால், பாட்டி பேரனுக்குச் சொல்வதுபோலக் கதை சொல்லிப் பொழுதைப் போக்குகிறார்களாம். இலக்கணம் எங்கே? கட்டுரை எங்கே? வினா விடை எங்கே? இதெல்லாம் கதைக்கு உதவாது!”

ஒரு பெரியவர் இப்படிச் செப்பினார். நாலு பேர் நடுவே, நாம் கேட்கும்படியாகவே செப்பினார். கல்வித் துறையிலே காலமெல்லாம் கழித்தவர். அவருடைய சினத்தை நாம் பெரிதுபடுத்தப் போவதில்லை. ஆனால், அந்தச் சினத்தின் ஊடே தம்மையும் அறியாமல் அவர் வீசிய சொற்றொடர் இருக்கிறதே, ‘கதைக்கு உதவாது’ என்பது, அதை எளிதில் விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. பயனற்றது எதுவோ அதைக் ‘கதைக்கு உதவாதது’ என்று சொல்லிவைத்தான் தமிழன். கதைக்குக்கூட உதவாத ஒன்று வேறு எதற்குத்தான் உதவப் போகிறது என்று எண்ணினான் போலும்! நல்ல அளவுகோல். அந்தக் கோலையே கையில் எடுத்துக்கொள்வோம். இன்று நம் மேல்வகுப்புகளிலே நடைபெறும் ஆங்கிலப் பாடத்தை அதனாலேயே அளந்து பார்ப்போம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலே ஆங்கிலத்தில் எண்பதுக்கு மேல் மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன். உழவன் மகன்; பள்ளிப் படிப்பை முடித்தவன் அவன் குடும்பத்திலே அவனே முதல்வன். தெருவே மகிழ்ந்தது. கல்லூரிக்குச் சென்றான். முதல் நாள், “உன்னைப் பற்றிச் சொல்” என்று ஆங்கிலத்திலே கேட்டார் ஆசிரியர். எழுந்தான், நின்றான், வியர்த்தான், அமர்ந்தான். நூலகத்தின் பயன்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் ஒரு புள்ளி பிசகாமல் எழுதத் தெரிந்த அந்தப் பிள்ளைக்கு, “என் தந்தை உழவர், எனக்கு இரண்டு தங்கையர்” என்று சொல்ல நா எழவில்லை! விடுதிக்குத் திரும்பி, தலையணையிலே முகம் புதைத்து அழுதானாம். நம்மிடம் படித்துச் சென்ற பிள்ளை அவன். அவனுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் கூட்டத்திலே நாமும் ஒருவர். எனவே, குற்றம் சாட்டும் கூண்டிலே மட்டுமல்ல, குற்றவாளிக் கூண்டிலும் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறோம்.

அவன் ஒருவன் கதையா இது? 2020-ஆம் ஆண்டு, அரசுப் பள்ளிகளிலே பயின்றோர்க்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு என்று தமிழகம் சட்டம் இயற்றிற்று. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்கல்விகளுக்கும் அவ்வொதுக்கீடு விரிந்தது. குடிசையிலிருந்து கிளம்பிய பிள்ளை, கோட்டையென நின்ற கல்லூரிகளுக்குள்ளே கால் வைத்தது. பல தலைமுறையாக மூடிக் கிடந்த வாயில் திறந்தது. வாயில் திறந்தது, நண்பர்களே! வாய் திறக்கவில்லையே! உள்ளே உள்ள நூலெல்லாம் ஆங்கிலம், உரையெல்லாம் ஆங்கிலம். வீட்டிலே அப்பனும் ஆத்தாளும் ஆங்கிலம் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளை வினாக்களை அள்ளி வீசுகிறது. நம் பிள்ளையோ, ஐயம் இருந்தும் கேட்க அஞ்சி, கடைசி வரிசையிலே ஒடுங்கிக் கிடக்கிறது. அறிவில்லாமலா? இல்லை. மொழியில்லாமல்!

எங்கிருந்து வந்தது இந்த ஊமைத்தனம்? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழாண்டுகள், நாள்தோறும் ஒரு பாடவேளை ஆங்கிலம் கற்ற பிறகும் ஏன் இந்த நிலை? விடை எளிது. நாம் மொழியைக் கற்பிக்கவில்லை, மந்திரத்தைக் கற்பித்தோம்.

பொருள் விளங்காத மொழியிலே ஒருவர் முணுமுணுப்பார். கேட்போர் கை கூப்புவர். சொன்னவருக்கும் பொருள் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. ஒலி பிசகக்கூடாது, அவ்வளவே என்றனர். இதைக் கண்டு எள்ளி நகையாடியவர்கள் அல்லவா நாம்? ‘பொருள் தெரியாத ஓதுதல் பக்தியும் அல்ல, அறிவும் அல்ல’ என்று மேடைதோறும் முழங்கியவர்களின் வழிவந்தவர்கள் அல்லவா? அப்படிப்பட்ட நாம், வழிகாட்டி நூலிலே அச்சான கட்டுரையை எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போட்டு ஒப்புவிக்கும் பிள்ளையின் முதுகைத் தட்டி, “நன்று! நன்று!” என்கிறோமே, இதற்கு என்ன பெயர்? அங்கே ஓதுவது மந்திரம். இங்கே ஓதுவது கட்டுரை. அங்கே தட்சிணை, இங்கே மதிப்பெண்! பெயர்தான் வேறு, பித்தலாட்டம் ஒன்றே. அதிலும், கைப்பேசியைத் தட்டினால் கணப்பொழுதிலே கட்டுரையைக் கக்கும் கருவி வந்துவிட்ட காலம் இது. நெட்டுருக் கட்டுரைக்கு இனி அங்காடியிலே காலணா விலையும் இல்லை.

* * *

வெள்ளையர் காட்டிய வழிதானே இது என்பர் சிலர். வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள், வேடிக்கை விளங்கும்.

1812-இல் சென்னையிலே புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றிற்று. கிழக்கிந்தியக் கும்பினியின் இளம் அலுவலர்கள் தமிழும் தெலுங்கும் பிற தென்மொழிகளும் கற்பதற்காக எழுந்தது அது. அதன் பின்னே நின்றவர் எல்லிசு. தென்னாட்டு மொழிகள் வடமொழியின் வயிற்றிலே பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816-இலேயே, கால்டுவெல்லின் நூல் வருவதற்கு நாற்பதாண்டு முன்னரே, எடுத்துக்காட்டிய பெருமகன். அந்தக் கல்லூரியிலே வெள்ளையருக்குத் தமிழ் கற்பித்த புலவர்களுள் ஒருவர் தாண்டவராய முதலியார். அவர் 1826-இல் அச்சிட்டு அளித்த நூல் எது? நன்னூலுக்கு உரையா? நிகண்டா? அல்ல, பஞ்சதந்திரக் கதை!

அதற்கும் நான்காண்டு முன்பு, 1822-இல், இலண்டனிலே ஒரு தமிழ் நூல் அச்சேறிற்று. சென்னையிலே அலுவல் பார்த்த பாபிங்டன் என்பார், தமிழ்மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும், சொற்பொருள் அகராதியும், முதற்கதைக்குச் சொல் சொல்லாக இலக்கண விளக்கமும் சேர்த்து வெளியிட்டார். தமிழ் கற்க விரும்பும் வெள்ளையன் கையிலே கொடுக்க அவர் தேர்ந்த நூல் எது? இத்தாலியிலே பிறந்து, தமிழகத்திலே தமிழராகவே வாழ்ந்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை! ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கச் சீடனை அனுப்பிய குருவும், தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, “ஒருவர் ஆற்றோடு போய்விட்டார்” என்று அழுத சீடர்களும் நடமாடும் நகைச்சுவைக் களஞ்சியம்! மூடக் குருவையும் அவன் முட்டாள் சீடரையும் கண்டு சிரித்துக்கொண்டே தமிழ் கற்கும் வழி வெள்ளையனுக்குக் கிடைத்தது. கதை முன்னே சென்றது; இலக்கணம் அதன் பின்னே விளக்கேந்தி வந்தது.

நன்கு கவனிக்க வேண்டுகிறோம். நம் மொழியை அவன் கற்க வந்தபோது, அவன் கையிலே கதை. அவன் மொழியை நாம் கற்கப் புகுந்தபோது? 1835-இல் மெக்காலே குறிப்பு எழுதினார்; ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே துபாசி வேலை பார்க்க ஒரு கூட்டம் போதும் என்பது அவர் திட்டம். 1857-இல் பல்கலைக்கழகம் வந்தது, தேர்வு வந்தது, தேர்வை ஒட்டி நெட்டுரு வந்தது. கதை அவனுக்கு, கட்டளை நமக்கு! இந்த ஏற்பாட்டை வகுத்தவன் கப்பலேறிப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆயின. ஏற்பாடு மட்டும் நம் கரும்பலகையை விட்டு இறங்க மறுக்கிறது.

கதையே இல்லையா நம் பாடநூலில் என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் எந்த இடத்திலே இருக்கிறது? உரைநடைக்கும் செய்யுளுக்கும் அடுத்து, கடைக்கோடியிலே, ‘துணைப்பாடம்’ என்ற பெயரில்! நம் தலைமுறை அதற்கு வைத்த பெயர் ‘நான்-டீடெயில்’. விளக்கம் வேண்டாத பாடம் என்று பொருள். பெரிய வீட்டுத் திருமணத்திலே ஏழை உறவினனைப் பந்தியின் கடைசியிலே உட்கார வைப்பார்களே, அந்த இடம். தேர்வு நெருங்கும் வாரத்திலே ஆசிரியர் வருவார்; “கதையைச் சுருக்கமாக எழுதிப் போடுகிறேன்; ஐந்து தலைப்பு, ஐந்து பத்தி; உருப்போடுங்கள்” என்பார். தீர்ந்தது! மாணவன் தானாகவே விரும்பிப் படிக்கக்கூடிய ஒரே பகுதியையும் ஐந்து பத்திப் பிணமாக்கிக் கையிலே கொடுக்கிறோம். கதையையும் கதைக்கு உதவாததாக்கும் திறமை நம்மைத் தவிர வேறு யாருக்கு வரும்!

* * *

“சரி, கதை சொன்னால் என்ன கிழிந்துவிடும்? கதை சிறுவர்க்கு உகந்தது. உயர்வகுப்பு மாணவன் நுண்ணிய இலக்கணம் கற்க வேண்டாமா? ஐயம், ஊகம், நிபந்தனை, எதிர்மறை, மேற்கோள் இவற்றைக் காக்கை நரிக் கதையா கற்பிக்கும்?” இது அடுத்த கணை. இதற்கு வாதத்தால் விடை கூறுவதைவிட, ஒரு வகுப்பைக் காட்டி விடை கூறுவது நேர்மை.

பன்னிரண்டாம் வகுப்பு. அறிவியற் பிரிவு. நாம் சொன்ன கதை இது. 1846-ஆம் ஆண்டு. ஆஸ்திரிய நாட்டுத் தலைநகர் வியன்னா. அங்குள்ள பெரிய பொது மருத்துவமனையிலே பிள்ளைப்பேற்றுக்கென இரண்டு பிரிவுகள். முதற்பிரிவிலே மருத்துவ மாணவர்கள் பணியாற்றினர். இரண்டாவதிலே மருத்துவச்சிகள் பயின்றனர். அவ்வாண்டு முதற்பிரிவிலே, பிள்ளை பெற்ற தாய்மாருள் 100-க்கு 11 பேர் காய்ச்சல் கண்டு மாண்டனர். இரண்டாம் பிரிவிலே 100-க்கு 3 பேருக்கும் குறைவு. ஒரே கட்டடம், ஒரே காற்று, ஒரே உணவு. ஏன் இந்த வேறுபாடு?

இந்த இடத்திலே கதையை நிறுத்தினோம். “நீங்கள் சொல்லுங்கள், ஏன்?” என்றோம்.

அமைதி. பிறகு ஒரு குரல், பிறகு இரண்டு, பிறகு வகுப்பே ஆரவாரம். கூட்டம் மிகுதியாக இருக்கலாம் என்றான் ஒருவன். கூட்டம் இரண்டாம் பிரிவிலேதான் மிகுதி என்றோம். அப்படியானால் அது காரணமாக இருக்க முடியாது என்றாள் ஒருத்தி. மருந்திலே வேறுபாடு இருந்திருக்க வேண்டும் என்றான் இன்னொருவன். ‘மே பீ’, ‘மஸ்ட் பீ’, ‘காண்ட் பீ’, ‘மஸ்ட் ஹாவ் பீன்’… எத்தனை நாள் கரும்பலகையிலே அட்டவணை போட்டு, எத்தனை முறை ஒப்புவிக்கச் செய்து, எத்தனை தேர்விலே சிவப்பு மை சிந்தியும் ஏறாத அந்த ஊகச் சொற்கள், தாய்மார் ஏன் மாண்டனர் என்று அறியத் துடித்த பிள்ளைகளின் வாயிலே தாமாக வந்து குந்தின! பிழையாகச் சொன்னவனை நாம் அடிக்கவில்லை, அதட்டவில்லை, அவன் சொன்னதையே திருத்தமாகத் திருப்பிச் சொல்லி, “அப்படியா எண்ணுகிறாய்?” என்று கேட்டோம். அவன் தலையசைத்தான், அடுத்த முறை திருத்தமாகவே சொன்னான்.

கதை தொடர்ந்தது. செம்மல்வைசு என்ற இளம் மருத்துவர், அங்கேரி நாட்டார். அவர் ஒவ்வோர் ஊகமாக எடுத்துச் சோதித்தார். சாகக் கிடப்போர்க்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு முதற்பிரிவின் வழியே நடப்பார். அந்த மணியோசை தாய்மாரை அச்சுறுத்திக் கொல்கிறதோ என்ற ஐயமும் அன்று இருந்தது. செம்மல்வைசு என்ன செய்தார்? பாதிரியாரை வேறு வழியாக, மணி அடிக்காமல் போகச் சொன்னார். சாவு குறையவில்லை. ஐயம் ஒழிந்தது. சோதித்துப் பார்த்துத் தள்ளினார்! பகுத்தறிவு என்றால் என்ன என்று விளக்க இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

1847-இல் அவருடைய நண்பர் கொலெட்ச்கா, பிணம் அறுக்கும்போது கையிலே கத்தி பட்டு, காய்ச்சல் கண்டு இறந்தார். அந்தத் தாய்மாருக்கு வந்த அதே காய்ச்சல்! செம்மல்வைசுக்குப் பொறி தட்டிற்று. மருத்துவ மாணவர்கள் பிண அறையிலிருந்து நேரே பேற்று அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. நஞ்சைச் சுமந்து வருவது மருத்துவரின் கை! குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கை கழுவிவிட்டே உள்ளே வரவேண்டும் என்று மே மாதம் ஆணையிட்டார். ஏப்ரலிலே 100-க்கு 18 பேர் இறந்த அறையிலே, ஜூனிலே இறந்தவர் 2 பேர் அளவே. ஆனால் பெரிய மருத்துவர் பலர் அவரை ஏற்கவில்லை. 1865-இல், மனநோய் விடுதியிலே, நாற்பத்தேழு வயதிலே மடிந்தார் அந்த மாமனிதர்.

வகுப்பிலே மூச்சொலிகூட இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஆண்டு முழுவதும் வருகைப் பதிவுக்கு மட்டுமே வாய் திறந்தவள். ஊருக்கு வெளியே தனித் தெரு. தாய் செங்கற்சூளையிலே கூலி. “சார்,” என்றாள்; பிறகு தட்டுத் தடுமாறி ஆங்கிலத்திலேயே சொன்னாள்: “பிக் மென் ஹேண்ட் ஆல்சோ டர்ட்டி, சார். பட் நோபடி டெல்.” பெரிய மனிதர் கையும் அழுக்கே, ஆனால் சொல்வதற்கு ஆள் இல்லை!

அந்த வாக்கியத்திலே இலக்கணப் பிழை மூன்று உண்டு, ஐயா. எண்ணிச் சிவப்பு மை தீட்ட விரும்புவோர் தீட்டிக்கொள்ளலாம். நம் கையிலிருந்த சுண்ணக்கட்டி அசையவில்லை. ‘தொட்டால் தீட்டு’ என்று எந்தக் கைகளைத் தலைமுறை தலைமுறையாக இந்த நாடு ஒதுக்கிவைத்ததோ, அந்தக் கைகளுக்குரியவள், தீட்டு எங்கே இருந்தது என்று வியன்னாவைக் கொண்டு நமக்கே காட்டினாள், அயல்மொழியிலே காட்டினாள்! மறுநாள் அதே கருத்தை ஒரு பக்கம் எழுதி வந்தாள். ‘அவர்கள் அன்றே கை கழுவியிருந்தால் அந்தத் தாய்மார் இறந்திருக்கமாட்டார்கள்’ என்ற கடின நிபந்தனை வாக்கியம் அதிலே இருந்தது, பிழையின்றி இருந்தது. இப்பொழுது சொல்லுங்கள்: கதை சிறுவர்க்கு மட்டுமா?

வழக்கு மன்றத்திலே நடப்பது என்ன? இருவர் சொல்லும் இரு கதைகளுள் எது மெய் என்னும் போர். மருத்துவன் முதலிலே நோயாளியிடம் கேட்பது என்ன? நோய் வந்த கதை. வழக்கறிஞனாகவும் மருத்துவனாகவும் ஆகவேண்டிய பிள்ளைக்குக் கதை சொல்லவும், கேட்கவும், ஐயுறவும், மறுத்துரைக்கவும் கற்பிப்பதைவிட மேலான உயர்வகுப்புப் பாடம் எது?

* * *

நம் ஒரு வகுப்பைக் கொண்டு உலகை அளக்கிறோம் என்று எண்ண வேண்டாம். பிஜித் தீவிலே, நூல் என்பதே அரிதான எட்டு நாட்டுப்புறப் பள்ளிகளிலே, 4, 5-ஆம் வகுப்புகளில் பயின்ற 380 பிள்ளைகளுக்கு 250 ஆங்கிலக் கதைநூல்களை அள்ளிக் கொடுத்துப் பார்த்தனர் எல்லி, மங்குபாய் என்ற ஆய்வாளர் இருவர். 1983-இல் முடிவை வெளியிட்டனர். எட்டு மாதங்களிலே, படித்துணர்வதிலும் கேட்டுணர்வதிலும் அப்பிள்ளைகள் வழக்கமான வேகத்தைப்போல் இருமடங்கு முன்னேறினர். இருபது மாதங்களிலே அந்த வளர்ச்சி மொழியின் பிற திறன்களுக்கும் பரவியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே இசுபானிய மொழி கற்பித்த பிளெய்ன் ரே என்ற ஆசிரியர், மாணவரைக் கேட்டுக் கேட்டே கதையை வளர்க்கும் முறையைக் கண்டார். கதைமாந்தனுக்குப் பெயர் என்ன, அவனுக்கு என்ன குறை, எங்கே போனான் என்று வகுப்பையே கேட்பது. அவர்கள் சொல்வதைக் கொண்டு கதையை நடத்துவது. நடித்துக் காட்டச் செய்வது. பிறகு அதையே படிக்கக் கொடுப்பது. இன்று பல நாடுகளிலே அயல்மொழி ஆசிரியர்கள் கையாளும் முறை அது. பிஜியிலே சிறுவர், கலிபோர்னியாவிலே வளர்ந்தோர். கதை இருவருக்கும் பொதுவாகவே நின்றது.

ஆனால், நம் இயக்கத்துத் தோழர் ஒருவர் வேறொரு வினா தொடுத்தார். அதற்கு விடை கூறாமல் போனால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். “கதையால் கெட்ட நாடு இது. புராணக் கதை சொல்லியல்லவா நம் மக்களை மயக்கினார்கள்? அந்தக் கதையை வகுப்பறையிலே நீங்களே ஏற்றுகிறீர்களே!” என்றார்.

மெய். கதை கூரிய கத்தி. காலட்சேபக்காரர் சொன்ன கதையிலே கேட்பவனுக்கு ஒரே வேலை: தலையாட்டுவது. ‘ஏன்?’ என்றால் பாவம், ‘எப்படி?’ என்றால் நரகம்! நாம் சொல்லும் கதையிலே கேட்பவனுக்கு ஒரே விதி: ‘ஏன்?’ என்று கேட்காமல் கதை நகராது. கத்தி கொலைக்கும் பயன்பட்டது என்பதற்காக அறுவை மருத்துவன் அதைக் கீழே போடுவானோ? கதையின் ஆற்றலை நம் இயக்கத்தைவிட அறிந்தவர் யார்? அறிஞர் அண்ணா முதுகலைப் பட்டம் பெற்றவர். புள்ளிவிவரங்களை மட்டும் அடுக்கியிருக்க முடியாதா? நாடகம் எழுதினார், சிறுகதை எழுதினார், ‘வேலைக்காரி’ 1949-இலும் ‘ஓர் இரவு’ 1951-இலும் திரைக்கு வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவனும் அவற்றைக் கண்டு, “ஏன் இந்த ஏற்றத்தாழ்வு?” என்று கேட்டான். ஒரு நாட்டுக்கே பாடம் நடத்திய முறை நம் பள்ளிக்கு மட்டும் ஆகாதா?

அந்த அண்ணாவின் ‘செவ்வாழை’ச் சிறுகதையையே ஆங்கில வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். பிள்ளைகளோடு பிள்ளையாக உழவன் வளர்த்த செவ்வாழை; குலை தள்ளியதும் அது பண்ணையார் வீட்டுக்குப் போயிற்று. தமிழிலே அனைவரும் அறிந்த கதை. அதை முதலிலே தமிழிலே சொல்லச் சொன்னோம். பிறகு ஆங்கிலத்திலே. பிறகு, உழவனாக நின்று ஒருவன், பண்ணையாராக நின்று ஒருவன், ஏமாந்த குழந்தையாக நின்று ஒருத்தி. பண்ணையார் தரப்பிலே வாதாடியவன் திணறினான். சொல் கிடைக்காமல் அல்ல, நியாயம் கிடைக்காமல்! கதை அவர்களுடையது, மொழி மட்டுமே புதிது. எனவே மொழியிலே கருத்தைச் செலுத்த முடிந்தது. ‘ஆங்கில வகுப்பிலே தமிழ் பேசினால் தண்டம்’ என்று வசூல் செய்யும் பள்ளிகள் இதைக் கண்டு முகம் சுளிக்கலாம். தாய்மொழி ஏணி, ஏணியை உதைத்துவிட்டு மாடிக்குப் போ என்பவன், பிள்ளை மேலே போவதை விரும்புகிறவன் அல்லன்.

தமிழ்ப்பற்றாளர் சிலருக்கும் ஒரு சொல். “அயல்மொழிக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா?” என்கிறீர்கள். 1968-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், தமிழும் ஆங்கிலமும் போதும் என்று இந்த நாட்டுச் சட்டமன்றம் தீர்மானித்தது. இந்தித் திணிப்பை எதிர்த்து 1938-இல் சிறை சென்றோரும் 1965-இல் உயிர் ஈந்தோரும் ஈட்டித் தந்த கொள்கை அது. இரண்டு மொழி போதும் என்று உலகுக்குச் சொன்ன நாம், அந்த இரண்டையும் செம்மையாகக் கற்பிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா? ஆங்கிலத்தை நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால், இருமொழிக் கொள்கையின் பாதிப் பயன் ஏழைக்கு எட்டாமலே போகும். அதற்காகவா அத்தனை பேர் மாண்டனர்?

* * *

இறுதியாக, இலக்கணமும் தேர்வும். இலக்கணம் வேண்டாம் என்று நாம் எங்கும் சொல்லவில்லை. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது தமிழ்ப் புலவர் கண்ட நெறி. எள்ளை மறைத்துவிட்டு எண்ணெய் கேட்பதையே எதிர்க்கிறோம். கதையிலே மாணவன் பயன்படுத்தி மகிழ்ந்த வாக்கியத்தை, கதை முடிந்ததும் கரும்பலகையிலே எழுதி, “பார், நீ சொன்னதற்குள் இருக்கும் விதி இது” என்று காட்டினால், அது அவன் சொத்தாகிறது. தேர்வோ? நம் கதை வகுப்பு மாணவரும் அதே தேர்வைத்தான் எழுதுகின்றனர். தம் சொந்தச் சொல்லால் நாலு வரி எழுதத் தெரிந்தவன், உருப்போட்டது மறந்த வேளையிலும் பிழைத்துக்கொள்கிறான். உருவை மட்டும் நம்பியவன், ஒரு சொல் நழுவினால் பக்கம் முழுவதும் வெறுமையாக விட்டு எழுகிறான்.

நம் குறையையும் மறைக்கவில்லை. முதன்முதலாக நாம் சொன்ன கதை படுதோல்வி. கல்லூரியிலே கற்ற கடுஞ்சொற்களையெல்லாம் கொட்டினோம். பாதி வகுப்பு உறங்கிற்று. நாமும் நெட்டுருவிலே வளர்ந்த பிள்ளைகள்தாமே! எளிய ஆங்கிலத்திலே இனிமையாக ஒரு கதை சொல்ல எந்தப் பயிற்சிக் கல்லூரியும் நமக்குக் கற்பிக்கவில்லை. இரவெல்லாம் விழித்து, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்து, எந்த இடத்திலே நிறுத்த வேண்டும், எந்த வினாவைத் தொடுக்க வேண்டும் என்று குறித்து வைத்துக் கற்றுக்கொண்டோம். ஒப்புவிக்கச் சொல்லி நாற்காலியிலே சாய்ந்திருப்பது எளிது. கதை சொல்வது கடினம். பெரியவர்கள் சிலருக்குக் கதைமீது உள்ள வெறுப்புக்கு இதுவும் ஒரு காரணமோ என்று ஐயுறுகிறோம்!

கல்விக் கோட்டையிலே வீற்றிருப்போரை நாம் கேட்பது கொஞ்சமே. துணைப்பாடத்தின் ‘துணை’யை நீக்குங்கள், வாரத்திலே இரண்டு பாடவேளையைக் கதைக்கு விடுங்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணிலே ஒரு பங்கை, மாணவன் தன் வாயால் ஒரு கதை சொல்வதற்கும், அதைப்பற்றிக் கேட்ட வினாவுக்கு விடை கூறுவதற்கும் ஒதுக்குங்கள். ஆசிரியப் பயிற்சியிலே கதை சொல்லலைப் பாடமாக்குங்கள். பள்ளிக்கு நூறு எளிய ஆங்கிலக் கதைநூல் வாங்கிக் கொடுங்கள்; பூட்டிய அலமாரிக்குள்ளே அல்ல, பிள்ளைகளின் கைகளிலே.

பெரியவரே! உங்கள் கோலாலேயே அளந்துவிட்டோம். கதைக்கு உதவாதது எது? ஏழாண்டு கற்றும், தன் பெயரையும் தன் ஊரையும் தன் துயரையும் சொல்ல விடாத பாடமே கதைக்கு உதவாத பாடம்! பிறர் எழுதிய கட்டுரையைச் சுமந்து திரிந்தது போதும். நம் பிள்ளைகள் தம் கதையைத் தாமே சொல்லட்டும். தமிழிலே சொல்லட்டும், ஆங்கிலத்திலே சொல்லட்டும், கேட்க மறுத்தவர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்லட்டும். செங்கற்சூளைத் தாயின் மகள் தொடங்கிவைத்துவிட்டாள். அவள் வாக்கியத்தைத் திருத்தித் தருவது நம் வேலை. வாயை அடைப்பது யார் வேலையும் அல்ல!